போலியைப் பிடிக்கப் போய் ஏமாறும் இடங்கள்

ஒரு பழைய ஏடோ நாட்குறிப்போ திடீரென்று கிடைத்ததாகச் செய்தி வந்தால், எல்லோரும் முதலில் கேட்பது "அசல் மாதிரியே இருக்கிறதா?" என்றுதான். பெரிய பெரிய படிப்பாளிகள் சறுக்கிய இடமும் அதுவே. அசல் மாதிரி இருக்கத்தானே அதைச் செய்கிறார்கள்! அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இது கிடைக்காதா என்று யார் ஏங்கிக்கொண்டிருந்தார்கள்?

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களைப் பட்டியலிடும் பழைய வெண்பாவில் 'இன்னிலை', 'கைந்நிலை' என்று இரண்டு சொற்களும் வருகின்றன. பதினெட்டாவது நூல் எது என்று அறிஞர்களுக்குள் நெடுநாள் தகராறு. அந்த வேளையில் 'இன்னிலை' என்ற பெயரிலேயே ஒரு நூல் வந்து சேர்ந்தது. வ.உ.சிதம்பரம் பிள்ளை அதற்கு உரை எழுதிப் பதிப்பித்தார். பழைய நூல் அல்ல, பிற்காலத்தில் யாரோ புனைந்தது என்று ஆய்வாளர்கள் பின்னால் முடிவுகட்டினார்கள். அந்த இடம் கைந்நிலைக்குப் போயிற்று. வ.உ.சி. ஏமாற்றியவர் அல்லர், ஏமாந்தவர். பட்டியலில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அதன் அளவுக்கே ஆளைத் தயார் செய்து அனுப்பியிருந்தார்கள்.

அடுத்த தவறு, ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று என்று திருப்திப்பட்டுவிடுவது. எதோடு ஒப்பிட்டோம்? 1983இல் ஜெர்மனியின் 'ஷ்டெர்ன்' வார இதழ், ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று அறுபதுக்கும் மேற்பட்ட நோட்டுகளை வெளியிடத் தொடங்கியது; அவற்றை 93 லட்சம் மார்க் கொடுத்து வாங்கியிருந்தது. கையெழுத்து நிபுணர்கள் பார்த்து ஒத்துப்போகிறது என்றார்கள். ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? ஹிட்லருடைய கையெழுத்து என்று அவர்களிடம் கொடுத்த மாதிரிகளிலேயே சில, நோட்டுகளை எழுதிய கொன்ராட் குயாவின் கைவேலை. திருடனையே சாட்சிக்கு நிறுத்திய கதைதான்.

வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் முதலில் நம்பியதற்குக் காரணம் நோட்டுகளின் குவியல். இவ்வளவையும் உட்கார்ந்து யார் எழுதுவான் என்று அவருக்குத் தோன்றியது. எழுதுவான், காசு வந்தால்! ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் சோதித்தபோது, போருக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்த ஒரு வெளுப்பான் ரசாயனம் காகிதத்தில் கலந்திருந்தது. இன்னொன்றும் அகப்பட்டது, எனக்கு அதுதான் ருசியான விஷயம்: ஹிட்லரின் உரைகளைத் தொகுத்த ஒரு பிற்கால நூலிலிருந்து குயாவ் காப்பியடித்திருந்தார், அந்த நூலில் இருந்த பிழைகளும் நாட்குறிப்பில் அப்படியே இருந்தன. பக்கத்து பையனின் விடைத்தாளைப் பார்த்து எழுதியவன் மாட்டிக்கொள்வதும் சரியான விடைகளால் அல்லவே.

அதனால் நடை, கருத்து, உணர்ச்சி என்று பேசுவதற்கு முன்னால் காகிதம், மை, அச்செழுத்து, தையல் நூல் இவற்றைப் பாருங்கள். அப்புறம், இது யார் யார் கை மாறி இங்கே வந்தது என்று கேளுங்கள். பெயர் சொல்ல முடியாத ஒருவர் தந்தார் என்றால் அங்கேயே நிற்பது நல்லது.

சினிமாவில் குழப்பம் வேறு மாதிரி. 'உண்மைக் கதை' என்று தொடக்கத்தில் போட்டால் நம்பிவிடுவது சின்னத் தவறு. 1996இல் வந்த 'ஃபார்கோ' படத்தில் அந்த வாசகமே விளையாட்டு. கண்ணால் பார்த்தது பொய்யாகாது என்று ஆவணப்படத்தை நம்புவது பெரிய தவறு. 1958இல் வந்த டிஸ்னியின் 'ஒயிட் வில்டர்னஸ்' படத்தில் லெமிங் என்ற எலிவகைப் பிராணிகள் கூட்டமாகப் பாறையிலிருந்து கடலில் குதித்துச் சாகின்றன. வெளியிலிருந்து வாங்கிவந்த லெமிங்குகளைக் கடலே இல்லாத கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வைத்துத் தள்ளிவிட்டுப் படமெடுத்தார்கள். படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. லெமிங் கூட்டமாகத் தற்கொலை செய்யும் என்று இன்றும் சொல்லித் திரிகிறோம்.

இதற்காக நடித்துக் காட்டிய எல்லாவற்றையும் மோசடி என்று தள்ளுவதும் சரியில்லை. வடதுருவப் பகுதி மக்களைப் பற்றிய 1922இன் 'நானூக்' ஆவணப்படத்தில் வெளிச்சத்துக்காகப் பாதி பனிவீட்டைக் கட்டி அதில் குடும்பத்தைத் தூங்கவைத்தார்கள். படத்தில் வருவது நாயகனின் சொந்தக் குடும்பமும் அல்ல. ஆனால் அன்றைய காமிராவை வைத்துக்கொண்டு உண்மையான பனிவீட்டுக்குள் படமெடுக்க வழியில்லை. புனைபெயரில் எழுதுவதையும், ஒருவர் நடையைப் பகடி செய்வதையும் போலி என்ற ஒரே மூட்டையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

குட்டு வெளிப்பட்டதும் கதை முடிந்தது என்று நினைப்பதும் தப்புக் கணக்குதான். வில்லியம் ஹென்றி அயர்லாந்து என்ற இளைஞர் ஷேக்ஸ்பியர் பேரில் கடிதங்களும் ஒரு நாடகமும் தயாரித்தார். ஷேக்ஸ்பியர் ஆய்வாளர் எட்மண்ட் மலோன் அவை போலி என்று நூல் எழுதி நிறுவிய சில நாட்களில், 1796 ஏப்ரல் 2ஆம் தேதி நாடகம் லண்டனில் மேடையேறி, சிரிப்புக்கிடையே ஒரே இரவில் படுத்தது. அயர்லாந்து விடவில்லை. தன் போலிகளைச் சேகரிக்க ஆட்கள் இருப்பதைக் கண்டு, அவற்றுக்கும் பிரதிகள் செய்து விற்றார். முதலில் செய்த போலி எது, பிறகு அதைப் பார்த்துச் செய்த போலி எது என்று நூலகங்களில் தனியாகப் பார்த்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது.