கவனம் சிதறும் பிள்ளையைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பாதீர்கள்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை படிப்பில் பின்தங்கினால், சேட்டைதான் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். முதல் தவறே இதுதான். அமெரிக்கா, பிரிட்டன், கனடாவில் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 6 ஆய்வுகளின் தரவுகளை ஆய்வாளர் கிரெக் டங்கன் குழுவினர் அலசி 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பள்ளியில் சேரும்போது இருந்த கணக்கறிவு, வாசிப்பு, அதற்கடுத்துக் கவனம் ஆகியவைதான் பிற்காலத் தேர்ச்சியோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. சண்டை, அடம் போன்றவற்றுக்கு அப்படிப்பட்ட தொடர்பு பெரிதாக இல்லை. மிரட்டி உட்காரவைத்தால் மார்க் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். சத்தமே போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் இதே கவனச் சிக்கல் இருக்கலாம். யாருக்கும் தொல்லை தராததால் அது கண்ணில் படாமலே போய்விடுகிறது.

அடுத்தது வயது. ஒரே வகுப்பில் பதினோரு மாதம் மூத்த பிள்ளையும் இருக்கும். ஆறு வயதில் அது பெரிய இடைவெளி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டிசம்பரில் பிறந்தவர்கள்தான் வகுப்பிலேயே சின்னவர்கள். அங்கே 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளைப் பற்றி 2012இல் வந்த ஆய்வின்படி, ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவு, அளவுமீறிய துறுதுறுப்புக் கோளாறு) என்று சொல்லப்படும் வாய்ப்பு 30 சதவீதம் அதிகம். பெண் பிள்ளைகளில் இது 70 சதவீதம். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுமுன் பிறந்த மாதத்தைக் கேளுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, வகுப்பில் பேசியவர்களின் பெயரை கிளாஸ் லீடர் கரும்பலகையில் எழுதும் பழக்கம். தினமும் அதே பெயர் அங்கே இருந்தால், இவனோடு சேரக்கூடாது என்று மற்றப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குச் சந்தேகம் கேட்கவும், சேர்ந்து படிக்கவும் ஆள் இல்லாமல் போகிறது. கடைசி பெஞ்சு இதை இன்னும் மோசமாக்கும். துறுதுறுப்பான இரண்டு பேரை அங்கே ஒன்றாக உட்காரவைத்தால் இருவருக்குமே பாடம் போய்விடும்.

முன்வரிசையில், கதவுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி, நிதானமான பிள்ளைக்குப் பக்கத்தில் இடம் கொடுங்கள். ஆனால் அந்த நிதானமான பிள்ளையைக் காவலாளி ஆக்கிவிடாதீர்கள், அதற்கும் படிக்க வேண்டும்.

அப்புறம், நீங்களே ஏடிஎச்டி என்று பெயர் வைக்கவும் வேண்டாம், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம். கண், காது, தூக்கம் மூன்றையும் முதலில் பாருங்கள். வீடு, பள்ளி இரண்டிலும் ஆறு மாதத்துக்கு மேல் சிக்கல் தொடர்ந்தால் குழந்தை நல மருத்துவரிடம் போங்கள். எந்தப் பாடவேளையில், யார் பக்கத்தில் இருக்கும்போது கவனம் நழுவுகிறது என்று ஆசிரியரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனால், மருத்துவருக்குப் பேருதவியாக இருக்கும்.