சிலிங்குக்கு மேலே பாண்டான் வாசம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் புதுத்துளிர் விடும் மார்ச் மாதம்தான் எங்களுக்கு வசந்தம். இந்த முறை கூடவே வீட்டு சிலிங்குக்கு (உள்கூரைக்கு) மேலே நள்ளிரவு ஓட்டமும் தொடங்கியது.

எலி என்று நினைத்துக் கூண்டு வைத்தேன். உள்ளே இருந்த கருவாட்டுக்கு ஆசைப்பட்டு எங்கள் பூனைதான் மாட்டியது. அப்புறம் அதன் மேலேயே பழியைப் போட்டு, ராத்திரி சமையலறையில் அடைத்தேன். மேலே சத்தம் நிற்கவில்லை. கீழே அது மாவு டின்னைக் கவிழ்த்ததுதான் மிச்சம்.

சரி, கொட்டிய மாவில் கொஞ்சம் அள்ளிக் கூரை இடுக்கருகே தூவினேன். காலையில் ஐந்து விரல் தடம்! பூனைத் தடத்தில் நான்குதான் தெரியும். சமையலில் வாசனைக்குப் போடும் பாண்டான் இலை வாசம் வேறு. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொன்னதுமே, "முசாங்டா தம்பி" என்றார். முசாங் என்றால் மரநாய்.

கூரையைத் தொட்ட ஜம்பு மரக் கிளையை வெட்டினேன். குட்டி ஏதும் இல்லை என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அது இரை தேடிப் போன பிறகு, இரவு 9 மணிக்கு மேல் இடுக்கைக் கம்பிவலையால் அடைத்தேன். பகலில் அடைத்திருந்தால் உள்ளேயே சிக்கியிருக்கும்.

10 நாளாக நல்ல தூக்கம். பூனைதான் இன்னும் அந்தக் கூண்டைச் சுற்றி வருகிறது.