பழைய காண்டாக்ட் முறையில் வேஃபரில் வடிவம் பதிப்பது

1970களில் சிப் ஆலைகள் கைவிடத் தொடங்கிய முறை இது. வடிவம் வரைந்த கண்ணாடித் தகடான மாஸ்க்கை, சிப் செய்யும் மெல்லிய சிலிக்கன் வட்டான வேஃபர்மேல் அழுத்தி ஒளி பாய்ச்சுவார்கள். ஒன்றிரண்டு மைக்ரான் கோடுகளுக்கு இன்றும் எனக்கு இதுவே பிடிக்கும்.

அறையில் மஞ்சள் வெளிச்சம் மட்டும் இருக்கட்டும். வேஃபரை 150 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் காயவைத்து, எச்எம்டிஎஸ் (மேலே பூசும் படலம் ஒட்டிப் பிடிக்க உதவும் ரசாயனம்) பூசுங்கள். புதியவர்கள் பலர் இதைத் தாண்டிவிடுவார்கள். அப்புறம் டெவலப்பரில் (ஒளி பட்ட படலத்தைக் கரைக்கும் திரவம்) கோடுகள் உரிந்து மிதக்கும்போது முழிப்பார்கள்.

எஸ்1813 என்ற ரெசிஸ்ட்டை, அதாவது ஒளி பட்ட இடம் டெவலப்பரில் கரையும் பூச்சை, நடுவில் ஊற்றி, நிமிடத்துக்கு 4000 சுற்றில் சுழற்றினால் சுமார் 1.3 மைக்ரான் படலம் வரும். குமிழி தெரிந்தால் கழுவிவிட்டு மறுபடி பூசுங்கள், சமாளிக்கப் பார்க்காதீர்கள். 115 டிகிரியில் ஒரு நிமிடம் சூடாக்குங்கள்.

ஓரத்தில் ரெசிஸ்ட் வரப்புபோல் தடித்து நிற்கும். அதைக் கரைப்பானால் துடைத்தே ஆகவேண்டும். இல்லையென்றால் மாஸ்க் படியாது. இடைவெளியில் ஒளி பரவிக் கோட்டின் விளிம்பு மங்கிவிடும்.

ஒளி கொடுக்கும் நேரம் விளக்கைப் பொறுத்தது. உடைந்த வேஃபர் துண்டுகளில் வெவ்வேறு நேரம் கொடுத்துப் பாருங்கள். டெவலப் செய்து, நீரில் அலசி, நைட்ரஜனால் ஊதிக் காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். மாஸ்க்கில் உள்ளதைவிடக் கோடு மெலிந்திருந்தால் பெரும்பாலும் ஒளி அதிகம். பள்ளத்தில் படலம் மிச்சமிருந்தால் ஒளி போதவில்லை.