சனிக்கிழமை கடைசி ஒரு மணி நேரம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பணியாளர் நலப் பொறுப்பை ஏற்றபோது, ஞாயிறுதோறும் விளையாட்டுப் போட்டியும் மாதந்தோறும் 'சிறந்த தொழிலாளி' பரிசும் அறிவித்தேன். இரண்டுமே படுத்துவிட்டன. வாரத்தில் துணி துவைக்கக் கிடைக்கும் ஒரே நாளில் இசை நாற்காலி சுற்ற யார் வருவார்கள்? பரிசும் பீஸ் எண்ணிக்கையை வைத்துத் தரப்பட்டதால் டெய்லர்களுக்கே போய்ச் சேர்ந்தது. தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங், டெய்லர்களுக்கு உதவும் கைமடிப் பிரிவினர் கை தட்டியதோடு சரி.

ஆகவே விளையாட்டைச் சம்பள நாளான சனிக்கிழமையின் கடைசி ஒரு மணி நேரத்துக்கு மாற்றினேன். பீஸ் ரேட்டில், அதாவது முடித்த பீஸ் கணக்குக்குக் கூலி வாங்கி, உழைப்பவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் நட்டமாகிவிடும் என்பதால், அதற்கும் கூலி தருமாறு முதலாளியிடம் வாதாடிப் பெற்றேன். உண்மையில் கடினமான வேலை இதுதான். கட்டிங்கும் பேக்கிங்கும் ஒரே அணியில் வருமாறு சீட்டுக் குலுக்கினோம். ஆயுத பூஜை வாரத்தில் உறியடி நடந்தபோது, ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்களுக்கு அதிலும் தங்கள் ஊர்ப் பழக்கம் தெரிந்தது.

பரிசுக்குப் பதிலாக, அந்த வாரம் தனக்கு உதவியவரைப் பற்றி யார் வேண்டுமானாலும் மைக்கில் இரண்டு வரி சொல்லலாம் என்றேன். முதலில் எழுந்த ஓவர்லாக் டெய்லர், உடைந்த ஊசிமுனை துணியில் சிக்கிவிடக் கூடாது என்று, அது கிடைக்கும்வரை தன் மெஷின் நின்றுபோன நாளில், காந்தத்தோடு தரையில் மண்டியிட்டுத் தேடிக் கண்டுபிடித்த செக்கிங் அக்காவைச் சொன்னார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.