தராசைத் திறக்காமலே அதனுள் இருக்கும் கணினியைக் காண்பது எப்படி?

நாகர்கோவில் வடசேரி சந்தையில் மீன் விற்கும் அக்காவைக் கவனியுங்கள். வெறும் தட்டத்தை எலக்ட்ரானிக் தராசில் வைத்து ஒரு பட்டனை அழுத்துவார், எண் பூஜ்யமாகும், அதன்பிறகுதான் சாளையை அள்ளிப் போடுவார். கேட்டால் "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது" என்பார். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பட்டனை அழுத்தும்போது அவர் கணினிக்குத்தான் கட்டளை இடுகிறார். உள்ளீடு, செயலாக்கம், நினைவகம், வெளியீடு ஆகிய நான்கும் சேர்ந்தால் கணினி. பெரிய திரையும் விசைப்பலகையும் கட்டாயம் இல்லை.

வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் நீங்களே சோதிக்கலாம். ஓர் ஏத்தன்பழம், ஒரு கிண்ணம், தண்ணீர், சொட்டு மருந்துக் குழாய் போதும்.

படி 1: பழத்தைத் தராசில் வையுங்கள். உள்ளே ஓர் உலோகத் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோக இழையும் சேர்ந்து வளைய, அதன் மின்தடை மாறுகிறது. இதுதான் உள்ளீடு. திரையில் தெரியும் எண் வெளியீடு.

படி 2: பழத்தை எடுத்துவிட்டு, கிண்ணத்தில் சிறிது தண்ணீர் ஊற்றி வையுங்கள். பூஜ்யமாக்க வேண்டாம். பல தராசுகளில் பூஜ்யத்தை ஒட்டி வரும் சிறு மாற்றத்தைப் பொருட்படுத்தாதே என்று நிரலில் எழுதியிருப்பார்கள். இப்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். எண் அசையாது. முழு கிராம் மட்டும் காட்டும் தராசானால், ஏறத்தாழ 20 சொட்டுக்கு ஒருமுறை ஒரு கிராம் தாவும். உலோகம் ஒவ்வொரு சொட்டுக்கும் வளைந்துகொண்டுதான் இருந்தது. திரைக்கு வந்ததோ முழு எண் மட்டும். தொடர்ச்சியான மாற்றத்தை இப்படி எண்ணாக நறுக்குவதே டிஜிட்டல்.

படி 3: எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அக்கா செய்ததுபோல வெறும் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, கிண்ணத்தை எடுங்கள். கழித்தல் குறியோடு ஓர் எண் வரும். கிண்ணம் போய்விட்டது, அதன் எடை நினைவில் இருக்கிறது. தராசை அணைத்து மறுபடி போடுங்கள். அந்த நினைவு அழிந்திருக்கும். ஆனால் பழத்தை வைத்தால் எடை பழையபடி சரியாகவே வருகிறது. எவ்வளவு வளைந்தால் ஒரு கிராம் என்ற கணக்கைத் தயாரிக்கும்போதே எழுதிவைத்த நினைவகம் வேறு. மின்சாரம் போனாலும் அது அழியாது. தற்காலிக நினைவகம், நிலையான நினைவகம் என்ற பாடம் இவ்வளவுதான்.

படி 4: அலகு மாற்றும் பட்டன் இருந்தால் கிராமிலிருந்து அவுன்ஸுக்கு மாற்றுங்கள். பழம் அதேதான், கணக்கு மட்டும் வேறு. அதுதான் செயலாக்கம்.

இதையெல்லாம் செய்வது மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிறு சில்லு. 1971இல் இன்டெல் வெளியிட்ட 4004 சில்லுக்கு நினைவகம் தனியாகத் தேவைப்பட்டது. 1980இல் வந்த அதே நிறுவனத்தின் 8051, எல்லாவற்றையும் ஒரே சில்லில் அடக்கியது.

அடுத்த முறை ஆரல்வாய்மொழி வழியாகப் பஸ்ஸில் போகும்போது, முப்பந்தல் காற்றாலைகளிலும் இந்த நான்கையும் தேடுங்கள். பெரிய காற்றாலையின் தலைமேல் இருக்கும், காற்று வீசும் திசையைக் காட்டும் சிறு கருவி உள்ளீடு. தலையைக் காற்றுக்கு நேராகத் திருப்பும் மோட்டார் வெளியீடு. நினைவகத்தில் என்ன இருக்கும்? தலை ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே போனால் கோபுரத்துக்குள் இறங்கும் மின்கம்பிகள் முறுக்கிக்கொள்ளும். அதனால் எத்தனை சுற்று திரும்பினோம் என்று அது எண்ணி வைத்திருக்கும். அளவு மீறினால் நின்று, எதிர்ப்பக்கம் சுற்றி முறுக்கைப் பிரித்துவிட்டு மறுபடி காற்றைப் பார்த்து நிற்கும்.