குடும்பம் வெளிநாட்டில், கார் கடலூரில்: பழைய வண்டி வாங்கும் முறை

துபாயிலோ சிங்கப்பூரிலோ குடும்பத்தோடு இருக்கிறீர்கள். ஊரில் அப்பா அம்மா ஜிப்மருக்குப் போய்வரவும், லீவில் வந்தால் பிள்ளைகளோடு சுற்றவும் ஒரு கார் வேண்டும். போட்டோவில் எல்லா வண்டியும் பளபளக்கும். கடலூர், புதுச்சேரி பக்கத்தில் போட்டோவுக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள்தான் பணத்தைத் தின்னும்: நம்பர் பிளேட், வெள்ளம்.

யார் பெயரில் வாங்குவது?

அப்பா அல்லது அம்மா பெயரில் வாங்குவதே சுலபம். உங்கள் பெயரில்தான் வேண்டுமென்றால் ஆதாரில் உள்ளூர் முகவரியும், அதோடு இணைத்த இந்திய சிம் உயிரோடும் இருக்க வேண்டும். ஓடிபி அதற்குத்தான் வரும். அப்பாவுக்கு பவர் எழுதிக் கொடுப்பதாக இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்குங்கள். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும்.

பிஒய் வண்டியா, டிஎன் வண்டியா?

புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதால் பிஒய் 01 வண்டிகள் விலை மலிவாகத் தெரியும். வீடு கடலூரில் இருந்தால் அந்த மலிவு நிற்காது. புதுச்சேரி போக்குவரத்துத் துறையில் ஃபார்ம் 28 கொடுத்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, கடலூர் ஆர்டிஓவில் தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டி, டிஎன் 31 எண் பெற வேண்டும். வரியை வண்டியின் விலையும் வயதும் பார்த்துக் கணக்கிடுவார்கள். அதை முன்கூட்டியே விசாரித்து விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே பேரம் பேசுங்கள். "புதுச்சேரியில் ஒரு சொந்தக்காரர் அட்ரஸ் போட்டுக்கலாம்" என்று புரோக்கர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் எண்ணை மாற்றியாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம்.

அடுத்து, ஊரில் இருக்கும் தம்பியையோ மச்சானையோ எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் காலம், ஃபைனான்ஸ் பாக்கி, அபராத சலான் எல்லாம் தெரிந்துவிடும். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

வெள்ளம் பார்த்த வண்டியா?

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 2015 மழையில் கடலூர் மூழ்கியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோதும், அதன்பின் தென்பெண்ணை பெருகியபோதும் இந்தப் பகுதி எங்கும் வண்டிகள் தண்ணீரில் நின்றன. இன்ஜினைக் கழுவி ஓட்டிவிடலாம். ஒயரிங் இணைப்புகளுக்குள் போன ஈரம் மாதக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். பவர் விண்டோ, சென்சார், ஏர்பேக் என்று ஒவ்வொன்றாகப் படுக்கும்.

தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போகச் சொல்லி, நிறுத்தாமல் ஓடும் வீடியோ காலில் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுக்கச் சொல்லுங்கள். உருளைக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரிகிறதா? முன் சீட்டின் தண்டவாளமும் போல்ட்டும் துருப்பிடித்தனவா? கார்பெட்டைத் தூக்கி அடியில் கை வைத்துப் பார்க்கட்டும். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளம், ஃபியூஸ் பாக்ஸ், ஹெட்லைட் உட்புறம் இவற்றையும் விடாதீர்கள். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் கோளாறை மறைத்திருக்கலாம்.

கடற்கரைக் காற்றின் உப்பு தனிக் கணக்கு. வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, கதவின் அடிப்பட்டை, சஸ்பென்ஷன் பிடிமானம், பிரேக் குழாய், சைலன்சர் நான்கையும் டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அங்கே புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் விலை பேசாமல் அடுத்த வண்டிக்குப் போங்கள்.

இன்ஜின் சூடாக இருந்தால் குறை தெரியாது. பானெட் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யட்டும். நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. அடர்ந்த வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தில் 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. மாதம் இரண்டு முறை மட்டும் ஓடும் வண்டிக்கு பெட்ரோலே போதும். பிஎஸ் 6 (இப்போதைய மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களில் குறைந்த தூர ஓட்டத்தில் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

பணமும் பெயர் மாற்றமும்

என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கிலிருந்து, ஆர்சியில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே அனுப்புங்கள். புரோக்கர் கணக்கு வேண்டாம். ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் முதலில் அதை நேரடியாக அடைத்து, ஃபைனான்ஸ் கம்பெனியின் என்ஓசியும், ஆர்சியில் கடன் பதிவை நீக்குவதற்கான ஃபார்ம் 35உம் கைக்கு வந்த பிறகே மீதியைக் கொடுங்கள். 10,000 ரூபாயாவது பெயர் மாறும்வரை பிடித்துவைப்பது நல்லது.

விற்பவர் ஃபார்ம் 29இலும், இருவரும் ஃபார்ம் 30இலும் கையெழுத்திட வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓவில் தெரிவிக்க வேண்டும். டெலிவரி நாளும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட சீட்டு ஒன்று இருந்தால், பழைய சலான் யாருடையது என்ற சண்டை வராது.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் புதிய பெயருக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பியுங்கள். மாற்றாமல் விட்டால் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் தொடரும். உங்கள் வண்டிக்கான சேதத்துக்குப் பணம் கிடைக்காது. நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்கான பிரீமியத் தள்ளுபடி) விற்றவருக்கே சொந்தம் என்பதால் அந்த வித்தியாசத் தொகையையும் கட்ட வேண்டியிருக்கும்.