கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து: போத்தலிலிருந்து கண்ணுக்குள் போய்ச் சேரும் வரை

கிளாக்கோமா என்று சொல்லி, கையில் ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்து, "ராத்திரிக்கு ஒரு சொட்டு" என்று அனுப்பிவிடுகிறார்கள். கிளினிக்கில் அவ்வளவு கூட்டம். எப்படி விடுவது என்று உட்கார வைத்துக் காட்ட யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அம்மாவுக்கு மருந்து விடத் தொடங்கியதிலிருந்து கேட்டும் படித்தும் செய்தும் பழகியதை இங்கே எழுதி வைக்கிறேன். எந்த மருந்து, எத்தனை வேளை என்பது உங்கள் கண் வைத்தியர் முடிவு செய்வது. அந்த மருந்தை வீணாக்காமல் கண்ணுக்குள் சேர்ப்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நோயைப் பற்றிச் சுருக்கமாக: கண்ணுக்குள் ஒரு நீர் எப்போதும் சுரந்து வடிந்துகொண்டே இருக்கிறது. வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் அழுத்தம் ஏறும். அது பார்வை நரம்பை மெல்ல மெல்லக் கெடுக்கும். பொதுவாக 10 முதல் 21 வரை (மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில்) இருந்தால் சாதாரணம் என்பார்கள். ஆனால் 21க்குள் இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு. உங்களுக்கு எந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும் என்று டொக்டரிடம் கேட்டு, கிளினிக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு இதில் வலி கிடையாது. பக்கப் பார்வைதான் முதலில் குறையும், நேரே பார்ப்பது கடைசி வரை நன்றாகத் தெரியும். போன பார்வை திரும்பி வராது. சொட்டு மருந்து மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல், "விட்டும் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லையே" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

வாங்கும்போது

கிளினிக் பார்மசியில் இருப்பு இல்லையென்றால் வெளியே வாங்கச் சொல்வார்கள். பார்மசியில் மாற்று பிராண்ட் தந்தால் பரவாயில்லை. ஆனால் போத்தலில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர் டொக்டர் எழுதியதுதானா என்று அங்கேயே நின்று பாருங்கள். இரண்டு மருந்து கலந்து ஒரே போத்தலில் வருவதும் உண்டு. டிமோலோல் என்ற கண் அழுத்த மருந்து தனியாக ஒன்றிலும் கலவையாக இன்னொன்றிலும் இருந்து, வீட்டில் இரண்டையும் சேர்த்து விட்டால் அளவு கூடிவிடும். சந்தேகம் வந்தால் இரண்டு போத்தலையும் பார்மசிக்காரரிடமே காட்டுங்கள்.

டிமோலோல் எழுதிக்கொடுத்திருந்தால், ஆஸ்துமா, நாட்பட்ட நெஞ்சுச் சளி நோய், இதயத் துடிப்பு மெதுவாக இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் டொக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கண் மருந்துதானே என்று பலரும் சொல்வதில்லை. நீரிழிவுக்காரர்களும் சொல்ல வேண்டும். சீனி இறங்கும்போது வரும் படபடப்பை இந்த மருந்து மறைத்துவிடலாம்.

இன்னொரு விஷயம். கண் சிவந்தால் யாரையும் கேட்காமல் ஸ்டீரொய்ட் சொட்டு வாங்கி விடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஸ்டீரொய்ட் கண் அழுத்தத்தை ஏற்றும். கிளாக்கோமா இருக்கிற வீட்டில் அந்தப் போத்தலே இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

வைக்கும் இடம்

லட்டனோப்ரொஸ்ட் போன்ற சில மருந்துகளைத் திறக்கும் வரை 2 முதல் 8 பாகைக்குள், அதாவது பிரிட்ஜில் வைக்க வேண்டும். திறந்த பிறகு 25 பாகை வரை வெளியே வைக்கலாம் என்று பெட்டியில் இருக்கும். கொழும்பில் மின்விசிறி ஓடும் அறையே 30ஐத் தொடுகிறது, அதனால் நாங்கள் திறந்ததையும் பிரிட்ஜில்தான் வைக்கிறோம். கதவுத் தட்டு சரி, பிரீசர் கூடாது. 2022இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்த காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காமல் விடுங்கள், உள்ளே குளிர் நிற்கும்.

திறந்த தேதியைப் போத்தலில் எழுதுங்கள். பெரும்பாலான மருந்துகளைத் திறந்து நாலு வாரத்தில் வீச வேண்டும். உங்களுடையதற்கு எவ்வளவு என்று உள்ளே இருக்கும் தாளில் பாருங்கள். எழுதுவதற்கு மார்க்கர் வேண்டாம், பிரிட்ஜ் ஈரத்தில் அழிகிறது. ஒரு துண்டு வெள்ளை பிளாஸ்டரில் பால்பொயின்ட் பேனையால் எழுதி ஒட்டினால் கடைசி வரை நிற்கும். இரண்டு மருந்து இருந்தால் ஒன்றின் கழுத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். இருட்டிலும் விரலுக்குத் தெரியும். மூடியின் நிறத்தை நம்பாதீர்கள், கம்பனிக்குக் கம்பனி மாறும். காதுச் சொட்டு, பசை போத்தல் எதுவும் அதே தட்டில் இருக்கக் கூடாது. உருவத்தில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

விடும் முறை

சவர்க்காரம் போட்டுக் கைகழுவுங்கள். தாளில் "குலுக்கவும்" என்று இருந்தால் (பிரின்சோலமைட் அப்படித்தான்) நன்றாகக் குலுக்குங்கள். கொன்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் கழற்றிவிட்டு மருந்து விட்டு, கால் மணி நேரம் கழித்துப் போடலாம்.

எங்களுக்கு அதிகம் கஷ்டம் கொடுத்தது இதற்கு அடுத்த படி. கதிரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தால் அம்மாவுக்குக் கழுத்து வலிக்கும். போத்தல் கிட்டே வருவது தெரிந்ததும் கண் தானாக இறுகிவிடும். சொட்டு இமையில் விழுந்து கன்னத்தில் ஓடும். விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் இன்னொன்று, பிறகு இன்னொன்று. போத்தல் மாதம் முடிய முன்பே காலியாகும், கிளினிக்கில் அழுத்தம் குறையாமல் நிற்கும். 2.5 மில்லிலீட்டர் லட்டனோப்ரொஸ்ட் போத்தலில் ஏறத்தாழ 80 சொட்டு இருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் இரவில் ஒவ்வொன்று என்றால் நாலு வாரத்துக்கு 56 போதும். அதற்கு முன்பே முடிகிறதென்றால் மருந்து கண்ணுக்கு வெளியே போகிறது என்று அர்த்தம். மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

படுக்க வைத்ததும் நிலைமை மாறியது. மெல்லிய தலையணையில் மல்லாந்து படுத்து, மோவாய் சற்று மேலே. இடது கைச் சுட்டுவிரலால் கீழ் இமையை மெதுவாகக் கீழே இழுத்தால் உள்ளே சிவப்பாக ஒரு சின்னப் பை தெரியும். அங்கேதான் விட வேண்டும், கருவிழியின் மேல் அல்ல. போத்தல் பிடிக்கும் கையின் மணிக்கட்டை நெற்றியில் ஊன்றுங்கள், நடுக்கம் பாதி நின்றுவிடும். கண் மேலே கூரையைப் பார்க்கட்டும். அப்போது போத்தல் கண்ணுக்கு எதிரே தெரியாது, கண்ணும் இறுகாது. ஒரு விரல் அகலம் உயரத்தில் பிடித்து ஒரு சொட்டு. நுனி இமையிலோ மயிரிலோ படக் கூடாது, பட்டால் மருந்துக்குள் கிருமி போகும்.

ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். அந்தப் பை முழுச் சொட்டைக்கூடத் தாங்காது, இரண்டாவது வழிந்துதான் போகும். உள்ளே விழுந்ததா என்று தெரியாவிட்டால் மட்டும் இன்னொன்று விடலாம். இதற்கும் பிரிட்ஜ் உதவுகிறது: குளிர்ந்த சொட்டு விழுந்தால் கண்ணுக்கு உடனே தெரியும், அம்மாவே "விழுந்திட்டுது" என்று சொல்லிவிடுவார்.

எவ்வளவு சொன்னாலும் கண் இறுகுகிறதா? படுத்தபடி கண்ணை மூடச் சொல்லி, மூக்குப் பக்க மூலையில் ஒரு சொட்டு விட்டு, மெதுவாகக் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். மருந்து தானாக உள்ளே வழியும். இமையை முதலே ஈரப் பஞ்சால் துடைத்திருக்க வேண்டும்.

விட்ட பிறகு வரும் இரண்டு நிமிடம்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் விரிவாக எழுதுகிறேன். கண்ணின் மூக்குப் பக்க மூலையில் கண்ணீர் வடியும் துளை இருக்கிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். மருந்தும் அதே வழியாக மூக்குக்குள் இறங்கும். மூக்கின் உள்தோல் அதை உறிஞ்சி நேரே இரத்தத்தில் சேர்த்துவிடும். டிமோலோல் அப்படிப் போனால் இதயத் துடிப்பு குறையலாம், மூச்சு இறுகலாம். கண்ணுக்குள் இருக்க வேண்டிய மருந்தும் குறைந்துபோகும்.

அதனால் சொட்டு விழுந்ததும் கண்ணை மெதுவாக மூடுங்கள். இறுக்கிப் பிழியவோ படபடவென்று இமைக்கவோ கூடாது, இரண்டும் மருந்தை வெளியே தள்ளும். மூடிய கண்ணின் மூலையில், மூக்கெலும்பு தொடங்கும் இடத்தில் சுட்டுவிரலை வைத்து அழுத்துங்கள். கண் உருண்டையில் அல்ல, எலும்பின் மேல். இரண்டு நிமிடம் அப்படியே இருக்கட்டும், மூன்று என்றால் இன்னும் நல்லது. தொண்டையில் கசப்பு இறங்கினால் (டோர்சோலமைட் நன்றாகக் கசக்கும்) விரல் சரியான இடத்தில் இல்லை, சற்று நகர்த்திப் பாருங்கள்.

நேரம் பார்க்கக் கைபேசியை விடக் குசினியில் வைக்கும் சின்ன டைமர் நல்லது. கைபேசி என்றால் கண் திறக்கும், ஒரு மெசேஜ் வரும், விரல் எடுபடும்.

பிறகு கன்னத்திலும் இமையிலும் வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். லட்டனோப்ரொஸ்ட் தோலில் தங்கினால் அந்த இடம் கறுக்கும், மயிரும் வளரும். இமை மயிர் நீளமாவதும் சிலருக்கு விழியின் நிறம் கறுப்பதும் இந்த மருந்தில் உண்டு. தொடக்கத்தில் கண் சிவப்பதும் உண்டு. அதற்காக நீங்களாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. மூச்சு வாங்கினாலோ தலைசுற்றி விழப்பார்த்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்கு.

இரண்டு மருந்தென்றால் நடுவில் ஐந்து நிமிடமாவது விடுங்கள், உடனே விட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போகும். களிம்பு இருந்தால் அது கடைசியில்.

ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக விட வேண்டாம், வழக்கம் போலத் தொடருங்கள். கிளினிக் நாள் காலையிலும், டொக்டர் வேண்டாம் என்று சொல்லாவிட்டால், வழக்கம் போல மருந்தைக் கண்ணில் விட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அப்போதுதான் மருந்து எவ்வளவு பிடிக்கிறது என்று அளவில் தெரியும். போத்தல்களையும் பையில் கொண்டுபோங்கள்.

கண்ணில் கடும் வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், மங்கல், அதோடு தலையிடி, வாந்தி, இவை திடீரென்று சேர்ந்து வந்தால், கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் அடைபட்டு அழுத்தம் பாய்ந்து ஏறியிருக்கலாம். சில மணி நேரத்தில் பார்வை போகும் அவசரம் அது. கொழும்பில் என்றால் லிப்டன் சுற்றுவட்டத்தடியில் இருக்கும் தேசிய கண் வைத்தியசாலைக்கு நேரே போங்கள். போக வழியில்லையென்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

பின்னர் சேர்த்தவை

மூட்டுவாதத்தால் போத்தலை அமுக்க முடியவில்லை என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். போத்தலில் மாட்டி அமுக்கும் பிளாஸ்டிக் கருவிகள் இருக்கின்றன, தனியாக இருப்பவர்களுக்கு அவை உதவும். கழுவிக் காயவைக்க மறக்கக் கூடாது. வீட்டில் ஆள் இருந்தால் தலையணையும் இன்னொருவர் கையும் போதும்.

வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகிறவர்கள், பயணத்தில் மருந்துக்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். ஏறுவதற்கு முன் வீட்டிலேயே கண்ணில் சொட்டு விட்டுக்கொள்ளுங்கள், குலுங்கும் பஸ்ஸில் முயல வேண்டாம். திறந்த போத்தல் ஒரு இரவுப் பயணத்தில் கெட்டுப்போகாது. வெயிலில் நிறுத்தும் வாகனத்துக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நோன்பு காலத்தில் என்ன செய்வது என்று கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர் கேட்டார். இரவில் ஒரு முறை விடும் மருந்துக்குச் சிக்கலே இல்லை. காலை மாலை என்று இரண்டு வேளை இருந்தால், ஸஹருக்கு முன்னும் நோன்பு திறந்த பிறகும் வைக்கலாமா என்று நோன்பு தொடங்குவதற்கு முந்திய கிளினிக்கிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் முழுக்க மருந்தை நிறுத்துவது மட்டும் கூடாது.

பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ கிளாக்கோமா இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். தங்கச்சியும் நானும் அம்மாவின் கிளினிக்குக்குப் போன நாளிலேயே கேட்டு, எங்கள் கண்ணையும் பார்த்துக்கொண்டோம். கண்ணாடிக் கடையில் எழுத்து வாசிக்க வைப்பதில் இது தெரியாது. அழுத்தமும் பார்வை நரம்பும் பார்க்க வேண்டும் என்று நீங்களே சொல்லிக் கேளுங்கள்.